கடன் நோட்டைக் காட்டாமல் பாடம் நடக்காது



சென்ற மாதம் நமது சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் வணிக நிர்வாகத் துறையிலிருந்து வந்த கடிதம். இறுதியாண்டு மாணவ மாணவியருக்கு 'ஸ்டிராட்டஜிக் மேனேஜ்மென்ட்' என்றொரு பாடம் இருக்கிறதாம். அதைப் புத்தகத்தோடு நிறுத்தாமல், பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நம் உறுப்பினர்களின் கடைகளுக்கு அனுப்பிப் படிக்க வைக்க விரும்புகிறார்களாம். ஒரு பருவத்துக்கு இருபது கடைகள் வேண்டுமாம்.

வாசித்து முடித்ததும் எழுந்த முதல் குரல், "நம்ம கணக்கைப் பார்க்க வெளியாள் எதற்கு?" என்பது. இரண்டாவது குரல், "இவங்க படிச்சிட்டு வந்து கல்லாவிலயா உட்காரப் போறாங்க?" என்பது. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்தக் கூட்டத்தில் நாம் வாய் திறக்காமல் இருந்தோம். சென்ற ஆண்டு தைப் பொங்கலுக்குப் பிறகு அதே கல்லூரியிலிருந்து இரண்டு மாணவியர் நமது கடைக்கு வந்து போனது உறுப்பினர்களில் ஒரு சிலருக்குத்தான் தெரியும். அப்போது நடந்ததைச் சபையில் எழுந்து சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதிவிடலாம் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பாடம் என்ன என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் வியூக மேலாண்மை என்கிறார்கள். பெயரைக் கேட்டால் குருக்ஷேத்திரம் நினைவுக்கு வரும். உள்ளே இருப்பதோ நமக்கு நன்றாகப் பழகிய விஷயம். முதல் ஆண்டுகளில் கணக்கு, கொள்முதல், விற்பனை, ஆள் நிர்வாகம் என்று தனித்தனியாகப் படித்ததையெல்லாம் கடைசி ஆண்டில் ஒன்றாகச் சேர்த்து, முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். யாருக்கு விற்பது, எதை விடுவது, இருக்கிற முதலை எதில் போடுவது, எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைப்பதா வேண்டாமா. இரவு ஷட்டரை இறக்கும்போது நாம் ஒவ்வொருவரும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விகள்தான்.

ஆனால் வகுப்பில் அது நடக்கிற விதம் வேறு. நமது மகனும் இதே படிப்பைப் படித்தவன். அவனுடைய பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். கோடாக் கம்பெனி ஏன் 2012-ல் திவாலானது, நோக்கியா ஏன் கைப்பேசித் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது, அமெரிக்க விமானக் கம்பெனி எப்படிக் குறைந்த கட்டணத்தில் ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பியிருக்கிறான். இன்னொரு நான்கு கட்டத்தில் நட்சத்திரம், கேள்விக்குறி, பசு, நாய் என்று சரக்குகளைப் பிரிக்கச் சொல்கிறார்கள். மெதுவாக விற்கிற, லாபமும் தராத சரக்கு நாய்க் கட்டத்தில் விழும். அதைக் கழித்துக்கட்ட வேண்டும் என்பது பொது விதி.

அந்த விதிப்படி பார்த்தால் நமது கடையில் வசம்பும் கடுக்காயும் முதலில் வெளியே போக வேண்டும். வசம்பு மாதத்துக்கு நூறு ரூபாய்க்குக்கூட விற்காது. ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர் வசம்பு தேடி நாலு கடை அலைந்து நம்மிடம் வருவார். வந்தவர் பச்சைப்பயறும் நல்லெண்ணெயும் சேர்த்து வாங்குவார். அடுத்த மாதம் மளிகைச் சீட்டே நம்மிடம் வரும். இதைப் புத்தகம் எழுதியவர் அறியமாட்டார் என்று சொல்லவில்லை. கடையில் நின்று பார்க்காத பிள்ளைக்கு இது தெரிய வழியில்லை என்கிறோம்.

இந்தப் பாடத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது நமக்கே வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், 1910களின் தொடக்கத்தில், ஆர்ச் ஷா என்ற பத்திரிகை அதிபர் அங்கே 'பிசினஸ் பாலிசி' என்ற பெயரில் இறுதியாண்டுக்கு ஒரு பாடத்தை ஏற்பாடு செய்தார். நடத்திய முறை என்ன தெரியுமா? தொழில் நடத்துகிற ஒருவரை வகுப்புக்கு வரவழைப்பார்கள். தன் தொழிலில் அப்போது தீராமல் இருக்கிற ஒரு சிக்கலை அவர் மாணவர்கள் முன் எடுத்து வைப்பார். மாணவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தீர்வு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலதிபர் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, இது நடக்கும், இது நடக்காது என்று வகுப்பில் விவாதிப்பார். 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளைக்காகத் தயாரான கார்டன்–ஹோவல் அறிக்கை, இப்படி எல்லாவற்றையும் இணைக்கிற ஒரு பாடம் வணிகப் படிப்பின் கடைசியில் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அது மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. 1970களின் பின்பகுதியில் பெயர் இன்றைய பெயராக மாறியது. 1980-ல் மைக்கேல் போர்ட்டர் எழுதிய புத்தகம் வந்தது. ஐந்து சக்திகள் என்ற படம் எல்லாக் கேள்வித்தாளிலும் ஏறியது. நம் நாட்டில் ஆமதாபாத் ஐ.ஐ.எம். 1961-ல் ஹார்வர்டின் ஒத்துழைப்போடுதான் ஆரம்பமானது.

ஆக, இந்தப் பாடம் பிறந்தபோது தொழில் செய்கிறவர் வகுப்பில் இருந்தார். நாடு தாண்டிக் கடல் தாண்டி நம் ஊர்க் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது படமும் கட்டமும் மட்டும் வந்தன. அந்த ஆள் வரவில்லை. இப்போது ஒரு கல்லூரி அவரைத் திரும்பக் கூப்பிடுகிறது. நாம் "எதற்கு?" என்கிறோம்.

மாணவர் எழுதுகிற பாடத்தால் கடைக்காரருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு ஹோண்டா கதையைச் சொல்லலாம். 1959-ல் ஜப்பானிய ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கடை திறந்தது. பெரிய மோட்டார் சைக்கிள்தான் அங்கே விற்கும் என்று நினைத்து வந்தார்கள். வண்டிகள் அமெரிக்காவின் நீண்ட சாலைகளில் ஓடி எண்ணெய் கசிந்தன, கிளட்ச் தேய்ந்தது. இதற்கிடையில் தங்கள் சொந்த வேலைக்காக ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்த 50 சி.சி. சின்ன வண்டியைப் பார்த்து ஜனங்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அதை விற்றார்கள், அதுதான் ஓடியது. 1963-ல் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விளம்பரத்தின் மூலக் கருத்து, ஒரு கல்லூரி மாணவர் வகுப்புக்காக எழுதிய வீட்டுப்பாடம். ஆசிரியர் ஊக்கப்படுத்தி அது விளம்பரக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற பேராசிரியர் அந்த ஜப்பானிய நிர்வாகிகளையே நேரில் கேட்டு 1984-ல் எழுதினார். அதற்கு முன்பு ஒரு பெரிய ஆலோசனைக் கம்பெனி, ஹோண்டா எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு வென்றது என்று அறிக்கை கொடுத்திருந்தது. உள்ளே இருந்தவரைக் கேட்காமல் வெளியிலிருந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். இது நமது கதைக்கும் பொருந்தும்.

இனி நமது கதை.

மாணவியர் இருவரும் ஆறு வாரம் வருவதாக ஏற்பாடு. நேரத்தை நாமே குறித்தோம்: மதியம் இரண்டு மணிக்கு மேல் நான்கு மணிக்குள். அந்த நேரத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டமில்லாதபோது வந்தால் தொந்தரவில்லை என்று அவர்களிடம் சொன்னோம். உள்ளபடியே காரணம் வேறு. காலையிலும் மாலையிலும் வருகிறவர்களில் பாதிப்பேர் நோட்டில் எழுதச் சொல்கிறவர்கள். அந்த நோட்டு வெளியார் கண்ணில் படக்கூடாது என்பது நமது எண்ணம். கல்லாவின் கீழ் அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

பிள்ளைகள் கெட்டிக்காரிகள். கொள்முதல் பில்களைப் பார்த்தார்கள். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தினமும் பத்திரிகையில் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மதுரை கீழமாசி வீதியில் என்ன விலை, ஏஜென்சிக்காரர் கொண்டுவந்து போடுகிற விலை என்ன என்று ஒப்பிட்டார்கள். மாத விற்பனை 6,00,000 ரூபாய், சராசரியாகப் பத்து சதம் நின்றால் 60,000, அதில் வாடகை, இரண்டு ஆள் சம்பளம், மின்சாரம், மற்றதெல்லாம் போக 16,000 மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். இது சரிதான். வீட்டுச் செலவே இந்தப் பதினாறுக்குள்தான் ஓடுகிறது.

அந்தச் சமயத்தில் பக்கத்துக் கடையில் இருந்த தையற்காரர் காலி செய்து போனார். நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டு கடையையும் ஒன்றாக்கி, வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்கிற மாதிரி ரேக் போட வேண்டும் என்பது மகனின் ஆசை. கட்டட உரிமையாளர் அட்வான்ஸ் 1,50,000, மாத வாடகை 9,000 கேட்டார். ரேக், விளக்கு, கண்ணாடிக் கதவு, பில் போடுகிற கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 3,50,000. வீட்டு நகையை வைத்துப் பணம் புரட்டுவதாகப் பேச்சு. மாணவியரின் பாடத்துக்கும் இதையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள்: பக்கத்துக் கடையை எடுக்கலாமா, வேண்டாமா?

எடுக்கலாம் என்று எழுதினார்கள். வண்ணத்தாள் உறை போட்டு, கணக்குப் போட்டு, அழகாக எழுதியிருந்தார்கள். விற்பனை ஒன்றரை மடங்காகும் என்பது அவர்கள் மதிப்பு. பலம் என்ற கட்டத்தில் முதல் வரியாக "முழுவதும் ரொக்க வியாபாரம்; வராக்கடன் இல்லை" என்று இருந்தது.

கல்லூரியில் அந்த அறிக்கையைப் படித்த நாளில் நம்மையும் அழைத்திருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தோம். பேராசிரியை அம்மா எல்லோர் முன்னிலையிலும், "ஐயா, பிள்ளைங்க எழுதினது சரிதானுங்களா?" என்று கேட்டார். "சரிதாம்மா" என்றோம். கைதட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அந்த முதல் வரி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாக வாக்கு. மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் மாலை இருவரும் நன்றி சொல்ல ஸ்வீட் டப்பாவோடு வந்தார்கள். முதன்முதலாக மாலை ஆறு மணிக்கு! கூட்டம் நின்றுகொண்டிருந்தது. ஓரமாக நின்ற ஒருத்தி கேட்டாள்: "அண்ணாச்சி, எங்க மேடம் ஒரு இடத்துல மார்க் குறைச்சிட்டாங்க. நீங்க எதை விக்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கீங்கன்னு நாங்க எழுதலையாம். அப்படி ஏதாவது இருக்கா?"

நாம் யோசித்தோம். அப்படி ஒன்றும் இல்லை. கேட்டதெல்லாம் வைக்கிற கடை என்பதுதான் இருபத்தைந்து வருஷமாக நமது பெருமை. பதினான்கு வகை பிஸ்கட் இருக்கிறது. போர்ட்டர் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் வற்புறுத்துகிறாராம்: எதைச் செய்வதில்லை என்று தேர்ந்துகொள்ளாதவனிடம் வியூகம் இல்லை. பதில் சொல்ல வாயெடுக்கும்போது பின்தெரு அம்மாள் ஒருவர் பையை நிரப்பிக்கொண்டு, "நோட்டுல எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்று நடந்துவிட்டார்.

"எந்த நோட்டு அண்ணாச்சி?" என்றாள் இன்னொருத்தி.

நாம் கீழறையைத் திறந்து எடுத்து மேசைமேல் வைத்தோம். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு வாரம் தினமும் அதே அறைக்கு மேல்தான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியை அம்மா பெருந்தன்மையானவர். இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்தார். கட்டட உரிமையாளரிடம் நாம் அதே அவகாசம் கேட்டோம். இந்த முறை மாணவியர் காலையில் வந்தார்கள், மாலையில் வந்தார்கள், மாதத்தின் முதல் பத்து நாளும் வந்தார்கள். நோட்டில் மொத்தம் 3,80,000 ரூபாய் நின்றது. இத்தனை நாள் கூட்டிப் பார்க்க நமக்கே தைரியம் இல்லாத தொகை. அதை மூன்றாகப் பிரித்தார்கள். சம்பளம் வந்ததும் பத்தாம் தேதிக்குள் தீர்த்துவிட்டு மறுபடி எழுதுகிற அறுபது வீடுகளிடம் 1,40,000. கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் நிறுத்தி, எப்போதும் பாக்கியோடு ஓடுகிறவர்களிடம் 1,50,000. ஆறு மாதத்துக்கு மேல் அசைவே இல்லாதது 90,000. அதாவது கடையின் ஐந்தரை மாத மிச்சம் அந்தக் கடைசிப் பக்கங்களில் தூங்குகிறது.

பிறகு பழைய கணக்கைத் திரும்பப் போட்டார்கள். புது வாடகை 9,000, கூடுதலாக ஒரு ஆள் 10,000. இந்த 19,000-ஐ மட்டும் ஈடுகட்டவே மாதம் 1,90,000 கூடுதலாக விற்க வேண்டும், வட்டி தனி. அவர்கள் எதிர்பார்த்தபடி விற்பனை ஒன்றரை மடங்கானால் நோட்டும் ஒன்றரை மடங்காகும். இன்னொரு 1,90,000 வெளியே நிற்கும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணத்திலிருந்துதான் வரும். மண்டியில் ஒருமுறை தவணை தவறினால் அடுத்த லோடு நம் வாசலில் இறங்காது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காகிதத்தில் எழுதி எதிரே வைத்தபோதுதான் உறைத்தது.

வேண்டாம் என்று எழுதினார்கள். கடன் கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள் என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தோம், அப்படி எழுதவில்லை. அந்த அறுபது வீட்டுக் கணக்குதான் இந்தக் கடையின் உண்மையான பலம் என்றார்கள். பெரிய கடைக்காரர் சோப்புக்கு இரண்டு ரூபாய் தள்ளுபடி தரலாம். பத்து நிமிஷத்தில் கொண்டுவந்தும் போடலாம். மாதக்கணக்கு எழுத அவருக்கு ஆளைத் தெரியாது. ஆகவே அறுபதை எண்பதாக்குங்கள், அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய், மல்லி இவற்றின் தரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேருங்கள், சலவைத்தூள் தள்ளுபடியில் பெரிய கடையோடு மல்லுக்கு நிற்காதீர்கள் என்பது அவர்கள் முடிவு. பிஸ்கட் ஆறு வகை போதும் என்றார்கள். குறைத்துவிட்டோம். நாலு பேர் கேட்டுவிட்டுப் போனதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாம் ஏற்கத்தக்கது என்று சொல்லமாட்டோம். தவணை தவறியவர்களுக்கு வட்டி போடச் சொன்னார்கள். இழவு விழுந்த வீட்டுப் பாக்கிக்கு வட்டி போட்டால் அந்தத் தெருவில் நாம் நடக்க முடியுமா? கைப்பேசியில் ஒரு செயலி வேண்டும் என்றும் நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். அந்த நாலு பக்கத்தை நாம் படிக்கவில்லை.

மகனைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. இரண்டாவது அறிக்கையை அவன் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, எனக்கும் இதே பாடம்தான். நான் கார் கம்பெனியோட ஆண்டறிக்கையை வச்சு எழுதினேன். அந்தப் புள்ளைங்க ரெண்டு வாரத்துல பார்த்த நோட்டை எனக்கு இத்தனை வருஷமா நீங்க காட்டலையே" என்றான். நாம் காட்டாததற்குக் காரணம் இருந்தது. கடன்பட்டவர்கள் பெயரில் அவன் சிநேகிதர்களின் வீடுகள் இருக்கின்றன. நமது சொந்த மைத்துனர் பெயரும் இருக்கிறது. ஆனாலும் அவன் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. கடையைப் பெரிதாக்கலாம் என்று அவன் துடித்ததே, கடையின் பாதி அவன் கண்ணுக்கு மறைந்திருந்ததால்தான். பிள்ளைகள் படித்துவிட்டுக் கடைக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என ஆண்டுதோறும் மே 5-ம் தேதி வணிகர் தின மேடையில் வருத்தப்படுகிறோம். எந்தக் கடைக்கு வரச் சொல்கிறோம் என்று அவர்களுக்கு முழுதாகக் காட்டியவர் நம்மில் எத்தனை பேர்?

கல்லூரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடாக்கையும் நோக்கியாவையும் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-ல் மூடியபோது வேலை போனவர்கள் நம் பிள்ளைகள்தானே. ஆனால் மளிகைத் தொழிலிலேயே இதைவிடத் தெளிவான பாடம் இருக்கிறது. சுபிக்ஷா 1997-ல் சென்னையில் முதல் கடையைத் திறந்தது. ஆரம்பித்தவர் ஐ.ஐ.டி.யிலும் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். தெருவுக்குத் தெரு சின்னக் கடை, குறைந்த விலை என்று வந்தபோது நம்மில் பலர் தூக்கம் இழந்தது உண்மை. கடன் வாங்கி நாடு முழுவதும் பரப்பி 1,600-க்கும் மேற்பட்ட கடைகளாக்கினார்கள். கையில் ரொக்கம் தீர்ந்தது. சம்பளம், வாடகை, சரக்குக்காரர் பாக்கி எல்லாம் நின்று, 2009-ல் கடைகள் மூடிக் கிடந்தன. விற்பனை இல்லாமல் விழவில்லை. பணம் சுற்றாமல் விழுந்தது. மறுபுறம் டிமார்ட் 2002-ல் மும்பை பொவாயில் முதல் கடையைத் திறந்தது. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில்தான் கடை, சரக்குக்காரருக்குச் சீக்கிரம் பணம், அவசரப்பட்டுப் பரவுவதில்லை என்று வைத்துக்கொண்டு 2017-ல்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவதாக ஒரு தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டையும் வைத்து நடத்தினால் பிள்ளைகளுக்கு மறக்காது. மூன்றிலும் ஒரே கேள்விதான்.

செயற்குழுவில் எழுந்த அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. கணக்கு வெளியே போகும், வரி அதிகாரி காதுக்கு எட்டும், எதிர்க்கடைக்காரர் மகனே மாணவனாக வந்துவிட்டால் என்ன செய்வது என்பவை நியாயமான கேள்விகள். இதற்கு நமது யோசனை, கல்லூரியோடு சங்கம் எழுத்துமூலமாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். அறிக்கையில் கடைப் பெயர், ஊர்ப் பெயர், கடன்காரர் பெயர் எதுவும் வரக்கூடாது. நோட்டைக் கடையில் வைத்தே பார்க்க வேண்டும், கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது. எந்த மாணவர் எந்தக் கடைக்கு என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும். அறிக்கையின் ஒரு பிரதி தமிழில் நமக்குக் கிடைக்க வேண்டும். நமக்கு வந்தது ஆங்கிலத்தில் இருந்தது, மகன்தான் வாசித்துச் சொன்னான். இவ்வளவும் எழுதிக் கையெழுத்தான பிறகும் கணக்கைக் காட்ட மனம் ஒப்பாதவர்கள் தயவுசெய்து பெயர் கொடுக்க வேண்டாம். பாதிக் கணக்கைக் காட்டிப் பிள்ளைகளிடம் தவறான விடை வாங்குவதில் யாருக்கும் லாபமில்லை; அந்த விடையை நம்பி நகையை அடகு வைக்கப் போனவர் எழுதுகிறோம்.

காலத்தையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு முந்திய பதினைந்து நாளும் பொங்கலுக்கு முந்திய வாரமும் யாரும் வர வேண்டாம். நமக்கே மூச்சுவிட நேரமிருக்காது. மாதத்தின் முதல் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை கட்டாயம் வர வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வருகிற ஏற்பாட்டைச் சங்கமே ஏற்கக்கூடாது.

பக்கத்துக் கடையில் இப்போது கைப்பேசி உதிரிப் பொருள் விற்கிறார்கள். நல்ல கூட்டம். எடுத்திருக்கலாமோ என்று சில நாள் மகன் பார்க்கிற பார்வையில் தெரியும். தூங்கிய 90,000-ல் இதுவரை 22,000 வந்திருக்கிறது. மைத்துனர் இன்னும் கொடுக்கவில்லை. அறுபது வீடு அறுபத்தேழாகியிருக்கிறது. நோட்டை இப்போது மகன்தான் எழுதுகிறான்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்தப் பொருள் மறுபடி வருகிறது. நமது கடையின் பெயரை முதலாவதாகச் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். இன்னும் பத்தொன்பது கடைகள் வேண்டும்.